காலிங் பெல் அடிக்காதவர்

அவர் வந்தால் தெரு முழுக்கத் தெரியும். காலிங் பெல்லைத் தொடமாட்டார். முஷ்டியை மடக்கிக் கதவில் குத்துவார். திறக்கத் தாமதமானால் உதைப்பார். மயிலாப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மரக்கதவில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், அவருடைய செருப்பு முனை பதிந்த ஒரு பள்ளம் இருந்தது. வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் அதைக் காட்டி என்னவென்று கேட்டார். ஸ்டவ் ரிப்பேர்க்காரர் என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் குடியிருந்த வீட்டுக் கதவிலும் ஒன்று இருந்தது.

பெயர் எனக்கு அப்போது தெரியாது. என் மனைவியின் போனில் ‘ஸ்டவ்’ என்று பதிந்திருந்தது. ஐம்பது வயது இருக்கும். குள்ளம், தடித்த கழுத்து. இடது புருவம் கிடையாது. அதே பக்கத்துக் காதின் மேல் விளிம்பு, மெழுகு உருகி உறைந்ததுபோல் இருக்கும். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் வீடு. மொபெட்டில் ஒரு கித்தான் பையை மாட்டிக்கொண்டு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று சுற்றுவார். அடுப்பு, ரெகுலேட்டர், டியூப், கேஸ் கீசர் எதுவானாலும் பார்ப்பார். உண்மையில் அவர் பார்த்ததைவிட மோந்ததுதான் அதிகம்.

முதல் நாளே என்னை அடித்தார். இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பியிருந்தேன். சமையலறையில் ஏதோ வாடை என்று மனைவி அவருக்குப் போன் செய்திருந்தாள். அவர் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தார். உதவி செய்கிற நினைப்பில் நான் முந்திப்போய் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன். கையிலிருந்த ரெஞ்சின் பிடியால் மணிக்கட்டில் ஒரே போடு. வலியில் உட்கார்ந்துவிட்டேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். வீக்கம் வடிய நான்கு நாட்கள் ஆயின.

“அந்த சுச்சிய தொட்டிருந்தா உன்ன சீப்பு வச்சி வழிச்சி எடுத்திருப்பாங்கோ, நைனா” என்றார். குரலில் கோபம் இல்லை.

பிறகு ரெகுலேட்டரை மூடினார், ஜன்னல்களைத் திறந்தார், தரையில் குப்புறப் படுத்தார். மூக்கு தரையில் உரச, சிலிண்டரிலிருந்து சிங்க் வரை ஊர்ந்தார். கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும், நின்றுகொண்டு மோந்து பார்ப்பவன் கேனையன் என்று தரையைப் பார்த்தபடியே சொன்னார். சோப்புத் தண்ணீரை டியூபில் தடவி, நுரை பொங்கிய இடத்தை என்னைக் குனியவைத்துக் காட்டினார். எலி கடித்திருந்தது.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன வாடை என்று அவரால் சொல்லிவிட முடியும். சிலிண்டர் தீரும் தறுவாயில் வாடை தூக்கலாக வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். ரப்பர் தீய்ந்தால் டியூப் பர்னருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. முடி பொசுங்கிய வாடை என்றால் பர்னருக்குள் பல்லி. அழுகிய முட்டை வாடையில் பாதி கேஸ், பாதி சாக்கடை. இரண்டையும் பிரிக்கத் தெரிந்தவன்தான் மெக்கானிக் என்பார். கேஸ் கீசர் இருக்கும் குளியலறை என்றால் குரல் தாழும். அங்கே வாடையே இருக்காது, தலை மட்டும் வலிக்கும். “வாசன வந்தா தப்பிச்சிக்கலாம் சார். வராம கீது பாரு, அதான் ஆள தூக்கும்.”

மாற்றிய டியூபை அவர் குப்பையில் போட்டதில்லை. பழுதான இடத்தை ஒரு சாண் நீளம் வெட்டி, பிளாஸ்திரி சுற்றி, பால்பாயின்ட் பேனாவால் தெருவும் வீட்டு எண்ணும் எழுதிக் கம்பியில் கோப்பார். வீட்டில் ஆணியில் இப்படி ஒரு கொத்து தொங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். எலி கடித்தால் பிய்ந்திருக்கும், வயதானால் நீளவாக்கில் வெடிக்கும், சூடு பட்டால் பளபளக்கும். புதிதாக எதையாவது பார்த்தால் அந்தக் கொத்தோடு வைத்துப் பார்ப்பாராம்.

நான் அப்போது ஒரு நாளிதழில் குற்றச் செய்திகளைத் திருத்தும் மேஜையில் இருந்தேன். அது தெரிந்ததும் அவர் என்னிடம் ஒரு சண்டையை ஆரம்பித்தார். கடைசிவரை அது ஓயவில்லை. ‘சமையல் செய்துகொண்டிருந்தபோது எதிர்பாராத விதமாக எரிவாயு கசிந்து’ என்று நாங்கள் எழுதும் வாக்கியம் பற்றிய சண்டை.

“யாரு சார் எதிர்பாக்கல? கேஸு முன்னாடியே வந்து சொல்லிடுது, நான் வந்துகினு கீறேன்னு. அது சொன்னத எவனும் கேக்கல. அத போடு பேப்பர்ல.”

நான் சிரித்து மழுப்பினேன். அந்த வாக்கியம் எங்கள் கணினியில் அச்சு வார்த்ததுபோல் தயாராக இருந்தது. ஊரையும் பெயரையும் வயதையும் மாற்றினால் போதும்.

புருவத்தைப் பற்றி ஒருமுறை கேட்டேன். அடுப்பைக் கவிழ்த்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். தி.நகரில் ஒரு வீடு, மூன்றாவது மாடி, கேஸ் வாடை வருகிறது என்று அந்த வீட்டு அம்மா போன் செய்தாள், போனேன் என்றார். “போயி பெல் அடிச்சேன்.” கொஞ்ச நேரம் துணியைப் பிழிந்தார். “நான்தான் அடிச்சேன்.”

மிச்சத்தை எங்கள் அலுவலகப் பழைய கோப்பில் தேடி எடுத்தேன். பெல்லில் எழுந்த பொறியில் அறை நிறைய இருந்த கேஸ் பற்றியிருக்கிறது. அந்தப் பெண் கதவைத் திறக்க வந்துகொண்டிருந்தாள். கதவு பெயர்ந்து வெளியே நின்றவர் மேல் விழுந்தது. செய்தியில் ‘எதிர்பாராத விதமாக’ இருந்தது. கடைசி வரியில், ‘வாசலில் நின்ற மெக்கானிக் ஒருவருக்கும் காயம்.’ அதைத் திருத்தியது நானாகக்கூட இருக்கலாம்.

அவர் எப்போதும் சரியாகவே அடித்தார் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு மாமி இருந்தார். வெள்ளிக்கிழமை காலை, வீட்டில் கெட்ட வாடை அடிக்கிறது என்று இவரை வரச்சொல்லிவிட்டு, இவர் வருவதற்குள் வாடையைப் போக்கச் சாம்பிராணி போட்டுவிட்டார். இந்த ஊரில் நாற்றம் என்றால் முதலில் ஊதுபத்தி, இல்லாவிட்டால் சாம்பிராணி. கதவு திறந்தபோது மாமி கையில் தணல் கனிந்த தூபக்கால். இவர் யோசிக்கவில்லை. ஓங்கி ஒரு உதை. தூபக்கால் முற்றத்தில் போய் விழுந்தது. ஒரு கங்கு மாமியின் பாதத்தில் விழுந்து தோலை உரித்தது. மாமி வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இவர் குப்புறப் படுத்து மோந்தார். கேஸ் இல்லை. சிங்க்குக்கு அடியில் வளைகுழாயில் நிற்கும் தண்ணீர் வற்றிச் சாக்கடை வாடை ஏறியிருந்தது.

மாமியின் மகன் வங்கி அதிகாரி, வாட்டசாட்டமானவர். “எங்காத்துல வந்து எங்கம்மாவையே உதைப்பியாடா?” என்று கன்னத்தில் இரண்டு அறை விட்டார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் போனேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு வாங்கினார். உதட்டில் ரத்தம். “அடிச்சிக்கோ சார். ஜன்னல மட்டும் மூடாத” என்றார். சிங்க்கில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. மாமி அதன் பிறகும் அவரைத்தான் கூப்பிட்டார். எனக்கு அது புரிய நாளாயிற்று.

அடையாறு சம்பவத்தின்போது நான் அங்கே இல்லை. நான்கு பேர் சொன்னதையும் வழக்கின் காகிதங்களையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கொரோனா இரண்டாம் அலைக்கு அடுத்த வருடம். அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது தளம். கணவன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கம்ப்யூட்டர்க்காரன். மனைவிக்கு இருபத்தாறு வயது. கேஸ் வாடை வருகிறது என்று கணவன் இவரைக் கூப்பிட்டான். டியூபின் அடிப்பக்கம் கசிவு. மாற்றினார். பன்னிரண்டு நாட்கள் கழித்து அவனே மறுபடி கூப்பிட்டான். புது டியூபில் அதே இடத்தில் கசிவு. மீண்டும் மாற்றினார். எங்கள் வீட்டு அடுப்பு சரியில்லை, இரண்டு தடவை ஆள் வந்துவிட்டான் என்று வாட்ச்மேனிடமும் குடியிருப்புச் சங்கத்திலும் அந்தக் கணவன் சொல்லிவைத்தான்.

இவர் வீட்டுக்குப் போய் இரண்டு துண்டுகளையும் கொத்தில் கோத்துப் பார்த்தார். இரண்டிலும் மூன்று மூன்று ஓட்டைகள். ஊசி நுழையும் அளவு. விரற்கடை இடைவெளி விட்டு, ஒரே நேர்கோட்டில். எலிக்கு அளவுகோல் கிடையாது. நாலைந்து நாட்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி சொன்னார். ஒரு காலை, யாரும் கூப்பிடாமலே அடையாறுக்குக் கிளம்பினார்.

கணவன் கீழே கேட்டருகில், கையில் பால் பாக்கெட்டோடு, வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டு நின்றான். இவரைக் கண்டதும், இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வாருங்கள் என்றான். இவர் காதில் வாங்காமல் படியேறினார். முதல் தளத்தைத் தாண்டியதுமே வாடை. ஓடினார். கதவை இரண்டு உதை. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு திறந்தாள். கையில் லைட்டர்.

அவள் விரல்களோடு சேர்த்து லைட்டரை அடித்துப் பறித்தார். சுண்டுவிரல் உடைந்தது. தலைமுடியைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துத் தள்ளினார். அவள் கத்தினாள். அவர் உள்ளே போய் ரெகுலேட்டரை மூடினார். எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு வெளியே வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியில் அழுதபடி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாம்மா, கப்புன்னு அடிக்குது, உனக்கு வாசன தெர்லயா?”

“கொரோனாவுக்கு அப்புறம் எனக்கு எந்த வாசனையும் தெரியாதுண்ணா.”

“அப்பால எப்டி அடுப்பு பத்த வைக்கிற?”

“அவர்தான் தினமும் காலைல மோந்து பாத்துச் சொல்வார். ஒன்னும் இல்லம்மா, பத்த வைன்னு.”

“இன்னிக்கி?”

“இன்னிக்கும் சொல்லிட்டுத்தான் பால் வாங்கப் போனார்.”

அவர் கீழே இறங்கினார். கையில் ரெஞ்ச் இருந்தது. வாட்ச்மேனின் வாக்குமூலப்படி முதல் அடி வாயில். இரண்டு பற்கள் பால் பாக்கெட்டின் மேல் விழுந்தன. இரண்டாவது அடியில் காறை எலும்பு முறிந்தது. விழுந்தவனின் மார்பில் முழங்காலை ஊன்றி மேலும் அடித்தார். வாட்ச்மேன் எண்ணியது ஏழு. இழுத்துப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. வேலைக்குப் போன இடங்களில் மற்றவர்களை அவர் அடித்ததெல்லாம் ஆபத்து நடக்குமுன். முடிந்த பிறகு அடித்தது இந்த ஒரு முறைதான். பின்னாளில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் இதைக் கேட்டேன். “கையி நிக்கல சார்” என்றார்.

அன்று மாலை எங்கள் மேஜைக்கு அந்தச் செய்தி வந்தது. போலீஸ் தந்த தகவல். எரிவாயு அடுப்பு பழுது பார்த்ததில் தகராறு, மென்பொருள் பொறியாளர் மீது கொலைவெறித் தாக்குதல், மெக்கானிக் கைது. நான்கு வரி. பெயரும் இருந்தது. பெயர் எனக்கு ஒன்றையும் சொல்லவில்லை. ‘கொலைவெறி’யைத் தலைப்பில் போட்டு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கதவை யாரோ குத்தினார்கள். திறந்தால் ஒரு அம்மாள். கையில் டியூப் துண்டுகள் கோத்த கம்பி, மாலை கனத்துக்கு. அவருடைய மனைவி. லாக்கப்பில் பார்த்தபோது, இதை மயிலாப்பூர் பேப்பர் சாரிடம் கொடு என்று சொன்னாராம். மற்றொரு கையில் மடித்த எங்கள் பத்திரிகை. அதை அவர் விரித்துக் காட்டவில்லை. எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இரண்டு துண்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். முதலில் என் ஆசிரியருக்குப் போன் செய்தேன். போலீஸ் சொல்லட்டும், போடலாம் என்றார். போலீஸ் நிலையத்தில் ஒரு எழுத்தர் கம்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடித்தவன் பெண்டாட்டி கொண்டுவரும் ரப்பர் துண்டு எப்படி சாட்சி ஆகும் என்று கேட்டார். அந்தப் பெண்ணே புகார் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்.

அந்தப் பெண் மருத்துவமனையில், சுண்டுவிரலில் கட்டோடு, கணவனுக்கு ஸ்ட்ராவில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் டிஸ்சார்ஜ். அதே வீட்டுக்குப் போகப்போகிறார்கள். அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்தோம். மெக்கானிக்கின் மனைவி என்று தெரிந்ததும் ஓரடி பின்வாங்கினாள்.

“உங்க புருஷன் பைத்தியம். என் விரல உடைச்சு, முடியப் பிடிச்சு இழுத்து... என் வீட்டுக்காரரக் கொல்லப் பாத்தாரு.”

“எம் புருசன் கைய நீட்றவருதாம்மா. என்னிய கூட அடிச்சிகீறாரு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்.” அந்த அம்மாள் இரண்டு துண்டுகளையும் அவள் உள்ளங்கையில் வைத்தார். “ரெண்டும் உன் வூட்து. நம்பர் எழுதிகீது. மூணாவது உன் அடுப்புல மாட்டிகினு கீது. எங்க பேச்ச நம்பாத. போயி சோப்பு போட்டு நீயே பாரு.”

அவள் ஓட்டைகளைத் தடவினாள். ஆதம்பாக்கத்திலிருந்து வந்திருந்த தன் அண்ணனைக் கூப்பிட்டாள். நால்வரும் அந்த வீட்டுக்குப் போனோம்.

ஜன்னல்கள் அவர் திறந்துவிட்டபடியே இருந்தன. அவள் யாரையும் தொடவிடவில்லை. ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, டியூபின் அடியில் தானே தடவினாள். ரெகுலேட்டரைத் திருகினாள். மூன்று இடங்களில் நுரை கிளம்பியது. விரற்கடை இடைவெளியில், ஒரே நேர்கோட்டில், ஒவ்வொன்றும் திராட்சை அளவுக்குப் பருத்து உடைந்தது. மறுபடி பருத்தது. என் மூக்குக்கு அந்த வாடை எட்டியது. அவள் அண்ணன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவள் மட்டும் எதுவும் இல்லாததுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நுரைதான் எல்லாம்.

ரெகுலேட்டரை மூடினாள். மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை திருகிப் பார்த்தாள். பீரோவைத் திறந்து சர்டிஃபிகேட் ஃபைலை எடுத்துக்கொண்டாள்.

“அண்ணா, ஸ்டேஷனுக்குப் போலாம்” என்றாள்.

கணவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதற்குக் குற்றப்பத்திரிகையில் ஒரு பத்தி இருக்கிறது. வழக்கமான பத்தி, இங்கே வேண்டாம். இரண்டு வழக்குகளும் நடக்கின்றன. ஒன்றில் அவன் குற்றவாளிக் கூண்டில், மற்றொன்றில் இவர். ஜாமீனில் வந்ததும் இவருக்குத் தொழில் இல்லாமல் போயிற்று. உயிரைக் காப்பாற்றினாராம் என்று பாராட்டிய வீடுகளே, ஆளை அப்படி அடிக்கிறவரை வீட்டுக்குள் எப்படி விடுவது என்றன. எங்கள் தெரு மாமி மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு கூவம் ஓர வீடுகளை இடித்து, இருந்தவர்களை ஊர்க்கோடியில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ‘ஸ்டவ்’ எண்ணுக்கு அடித்தால் இப்போது உபயோகத்தில் இல்லை என்கிறது. நான் ஓய்வு பெறும்வரை ‘எதிர்பாராத விதமாக’ என்ற சொல் என் மேஜைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. வந்ததையெல்லாம் அடித்தேன்.

போன மாதம் சாட்சி சம்மன் விஷயமாக அந்தப் பெண்ணைப் பார்க்க வேளச்சேரிக்குப் போனேன். தனியாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். வாசலில் பெல் சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தகடு திருகப்பட்டிருந்தது. விரலால் தட்டினேன். முஷ்டியால் தட்டினேன். கடைசியில் காலால் ஓர் உதை.

“இத மொதல்லயே பண்ணியிருக்கலாமே சார்” என்று திறந்தாள்.

காபி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். சுவரில் தரையோரமாக ஒரு கேஸ் கசிவு அலாரம், பச்சை விளக்கோடு. லைட்டரை எடுத்தவள் அடிக்கவில்லை. மெஷின் இருந்தாலும், தினமும் காலையில் கீழ் வீட்டு அக்கா வந்து ஒருமுறை மோந்து பார்த்துச் சொல்லும், இன்றைக்கு அக்கா ஊரில் இல்லை என்றாள். சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, மூட்டு வலி வேறு. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தேன். சிலிண்டரிலிருந்து சிங்க் வரை மூக்கைத் தரையோடு வைத்து ஊர்ந்தேன். ஃபினாயில், வெங்காயத் தோல், புது ரப்பர். திரும்பவும் ஒருமுறை ஊர்ந்தேன். எழுந்து உட்கார்ந்தேன்.

“ஒன்னும் இல்லம்மா. பத்த வை.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று எனக்கு உறைத்தது. அவள் லைட்டரைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அடுப்புக்குப் பக்கத்தில் போய், அவளை ஒட்டி நின்றேன்.

அவள் லைட்டரை அடித்தாள்.